வியாழக்கிழமைப் பக்கம்

புதன்கிழமை காலை பதினொன்றரை மணி. நோட்டில் சனிக்கிழமை வரை எழுதியிருந்தது.

நர்ஸ் மறுபடியும் பார்த்தாள்.

பிள்ளைக்குப் பால் கொடுத்த நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லி, போன வாரம் அவள்தான் தாரணியிடம் அந்த நோட்டைக் கொடுத்திருந்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு வாரம் ஒருமுறை வருவாள். எடை போடுவாள், தாய்க்குப் பிரஷர் பார்ப்பாள், கிளம்பிவிடுவாள். எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். ஒரு வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிடும்.

முதலில் சிரிப்புதான் வந்தது.

நர்ஸுக்குப் படிக்கிற காலத்தில் அவளும் இதைச் செய்தவள்தான். சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்க்கவேண்டிய காய்ச்சலை மத்தியானமே எழுதிவைத்துவிட்டு, டீச்சரிடம் வசமாக மாட்டிக்கொண்டாள். அந்த நோயாளி நாலு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தார்.

ஆனால் தாரணி சோம்பேறி இல்லையே.

பத்தொன்பது நாள் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்திருந்தாள். துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. பிள்ளை பெற்ற வீடு மாதிரியே இல்லை.

போன வாரம் ஓயாமல் அழுதவள். தூக்கமே வரவில்லை என்றவள். இன்று இப்படித் தெளிவாக இருக்கிறாளே, தேறிவிட்டாள் என்று நர்ஸ் வாசலிலேயே சந்தோஷப்பட்டிருந்தாள்.

பிறகு எதற்கு மூன்று நாளை முன்கூட்டியே எழுதினாள்?

விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

புதன், எட்டு மணி: இடது பக்கம்.

பத்து மணி: வலது பக்கம்.

வியாழன், ஆறு மணி: பவுடர் பால் ரெண்டு ஸ்பூன். தண்ணியக் கொதிக்க வச்சு ஆத்தணும். குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டணும். இடது தோள்னா சீக்கிரம் தூங்குவா.

வியாழனிலிருந்து எந்த வரியிலும் இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை.

நடந்ததை எழுதச் சொன்ன நோட்டில், இன்னொருவர் செய்யவேண்டியதை எழுதியிருந்தாள்.

அலமாரியில் பவுடர் பால் டப்பா இருந்தது. இன்னும் திறக்கவில்லை.

நர்ஸுக்குப் பயமாக இருந்தது.

தாரணியின் புருஷன் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தான். மாமியாரைப் பின்கட்டுக்கு அனுப்பி வெந்நீர் போடச் சொன்னாள். வெந்நீருக்குத் தேவையே இல்லை. கதவை ஒருக்களித்துவிட்டு வந்து தாரணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்ப்பதுபோலத்தான். வாட்சைப் பார்க்கவில்லை.

கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்று ஊரே நம்பும். அப்படி வராது, வாய் திறந்து கேட்டுவிட வேண்டும் என்று படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். வேலைக்கு வந்த பதினோரு வருஷத்தில் ஒருவரிடமும் கேட்டதில்லை.

“செத்துப் போயிரலாம்னு தோணுதா கண்ணு?”

தாரணிக்குக் கோபம் வரட்டும் என்று ஆசைப்பட்டாள். என்ன பேச்சு இது என்று திட்டினால்கூட நல்லது.

தாரணி குழந்தையைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“பவுடர் பால் இவளுக்குச் சேருமுங்களா அக்கா?”

மாமியார் வெந்நீரோடு வந்தபோது, நர்ஸ் ஒரு கையால் போனைக் காதில் வைத்து டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். மறு கையில் தாரணியின் மணிக்கட்டு அப்படியே இருந்தது. இரண்டு மணிக்குள் வண்டியோடு தானே வருவதாக டாக்டர் சொன்னார்.

இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது.

நர்ஸ் செருப்பு மாட்டப் போகவில்லை. தாரணியை ஒட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கும் சேத்து அரிசி போடுங்கம்மா,” என்றாள்.