கார் ஷெட்டின் சரிவு

ஷெட்டின் இரட்டைக் கதவை விரியத் திறந்து வைத்தாள்.

சக்கர நாற்காலியைத் திருப்பினாள். அதில் இருந்த கணவரின் முகம் அறையைப் பார்த்தது. அவள் முதுகுக்குப் பின்னால் தெரு.

சரிவில் நாற்காலியைப் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். முன்பக்கமாக விட்டால் ஆள் குப்புற விழுவார். அவருக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் நேற்று நூறு தடவை சொல்லியிருந்தாள்.



அவர் தெருவைத் தொட்டுப் பதினான்கு மாதம்.

பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது. பேச்சில் தண்ணி, போதும், வேணாம் என்று மூன்று சொற்களை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் மாடியறையில் விட்டதோடு சரி. பிரெஞ்சுக்காரன் கட்டிய வீடு. அந்தக் குறுகல் மரப்படியில் பூனைதான் இறங்கலாம்.

கீழே காலியாகக் கிடந்தது கார் ஷெட் மட்டும்தான். இனி யார் ஓட்டப்போகிறார்கள் என்று காரைக் கொடுத்தாயிற்று.

கார் இருந்த காலத்தில், தினமும் காலையில் முதலில் தெருவுக்கு வருபவள் அவள்தான். வரும் சைக்கிளைக் கை காட்டி நிறுத்துவாள். அவர் இடது கையைப் பக்கத்து இருக்கையின் மேல் நீட்டிப் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். வரலாம், வரலாம், லெப்ட்ல ஒடிங்க, வரலாம் என்று அவள் குரல் கொடுத்தால்தான் வண்டி பின்பக்கமாகத் தெருவுக்கு நகரும். முப்பத்தொரு வருஷம். கண்ணாடி எதற்கு இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்.

அந்த ஷெட்டைத்தான் அறையாக்க நினைத்தாள். கதவைப் பெயர்த்துவிட்டுச் சுவர். எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். வாசலில் இருந்த கருங்கல் சரிவை உடைத்து எடுத்துவிடுவது.

கோணிப்போன அவர் வாயைத் தெரு நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால், ஆணி அடிப்பதென்றாலும் பழைய வீடுகளைக் காக்கும் பாரம்பரியக் குழுவைக் கேட்க வேண்டிய தெரு அது.

குழுவிலிருந்து ஞானமூர்த்தி என்று ஒருவர் வந்தார். சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கதவை உள்ளும் புறமும் தட்டிப் பார்த்தார். சரிவின் அருகே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, டயர் வழுக்காமல் இருக்க எப்போதோ யாரோ கொத்திவிட்ட கோடுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், தெருப்பக்கம் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்றார்.

அங்கே இனிமேல் காரே வராது என்று அவள் மன்றாடினாள்.

"கார் இல்லன்னாலும் அது கார் ஷெட்தாம்மா," என்றார் அவர்.

மறுபடி மனுப் போட்டாள். மறுபடி மறுத்தார். மூன்றாம் தடவை வீட்டில் நோயாளி இருப்பதைச் சொல்லி அழுதே விட்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மறுத்துவிட்டுப் போனார்.

அவள் யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். இருந்தாலும் அந்தோணியார் கோயிலுக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை போய், அந்த மனிதருக்கு எங்காவது தூரமாக மாற்றல் கிடைக்க வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தாள்.

வேறு வழியில்லாமல் உள்ளே மட்டும் வேலை நடந்தது. தரையைப் பூசி, கட்டில் போட்டு, கதவுக்குப் பின்னால் கனமான திரையைத் தொங்கவிட்டாள். போன வாரம் அதே நாலு பேர் அவரைக் கீழே இறக்கி வைத்தார்கள்.

நேற்றுப் பயிற்சிக்கு வந்த பெண், புழுங்குகிறது என்று திரையை விலக்கிக் கதவைத் திறந்தாள். வாசலில் நின்று கருங்கல் சரிவைக் காலால் அழுத்திப் பார்த்தாள்.

"இதுல அப்படியே ரோட்டுக்கு இறக்கிடலாமேம்மா."

அவளும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

மாடியிலிருந்து கீழே கொண்டுவர வேண்டும் என்பதோடு அவள் புத்தி நின்றுபோயிருந்தது. கீழேயிருந்து வெளியே என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. முன்வாசலில் ஐந்து படி. இந்தச் சரிவையும் உடைத்திருந்தால்? அவள் கேட்டபடியே சுவர் எழுந்திருந்தால்? தன் கையாலேயே அவரை உள்ளே வைத்துப் பூசியிருப்பாள்.

மகராசன், மறுத்தாரே. மூன்று தடவையும் மறுத்தாரே.

நாளை செவ்வாய்க்கிழமை. முதல் வேலையாக அந்தோணியாரிடம் போய்ச் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். புனிதர் ஏற்கெனவே கேட்டுத் தொலைத்திருந்தால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

இப்போது குதிகாலைச் சரிவின் விளிம்பில் வைத்தாள். கொத்திய கோடுகள் செருப்பை இறுகப் பிடித்தன. சாயங்கால வெயில் முதுகில் விழுந்தது. கடற்கரை மூன்று தெரு தள்ளித்தான்.

நாற்காலியின் கனம் முழுக்க அவள் மேல் சாய்ந்தது. பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. பிடியை விட்டால் போயிற்று.

அப்போது அவர் அசைந்தார்.

இடது கை மெதுவாக எழுந்தது. தோளுக்குப் பின்னால் வந்து, அவள் பிடித்திருந்த கைப்பிடியின் மேல் நீண்டு படிந்தது. கழுத்து திரும்பியது. அவள் முழங்கைக்கு அடியில் கண்ணை நுழைத்துத் தெருவைப் பார்த்தார்.

சைக்கிள் மணி ஒன்று கேட்டது.

விரல்கள் அவள் கையை அழுத்தின. அவள் அப்படியே நின்றாள். மணிச் சத்தம் கடந்து போனது.

அவர் வாய் கோணியது. உதடு இரண்டு முறை தோற்றது.

"வரலாம்," என்றார்.

அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

"வரலாம்... வரலாம்..."

பின்னால் பார்க்காமல் அவள் காலை எடுத்து வைத்தாள்.