ஆறு படல்கள்

இலையில்லாத ஹேசல் புதர்களின் ஊடே மார்ச் மாதத்து வெயில் ஈரத்தரையில் விழுந்து கிடக்கிறது. எம்லின் கழியின் நுனியில் அரிவாளை வைத்துத் தட்டுகிறான். கழி சன்னமான சத்தத்தோடு இரண்டாகப் பிளக்கிறது. இருபத்தாறு வருடம் உருக்காலையில் உழைத்தவன். ஆலையை மூடிய பிறகு, வேலையிழந்தவர்களுக்கான இந்தக் காட்டுப் பயிற்சிக்கு அவன் பெயரைக் கொடுத்தது மனைவிதான். பத்து வாரமாக வருகிறான். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. பயிற்சி தரும் நெஸ்டா, சேறு படிந்த பூட்ஸ் போட்ட ஒரு பண்ணைக்காரியை அழைத்துவருகிறாள். வந்தவள் அவன் பின்னிய வேலிப் படலை உலுக்கிப் பார்க்கிறாள். அது அசையவில்லை. "ஆடு குட்டி போடுற சமயம். மறிச்சுக் கட்ட இதே மாதிரி ஆறு வேணும். யாரு பின்னினது?" எம்லின் நெஸ்டாவைப் பார்க்கிறான். "வாயைத் திறங்க எம்லின். உங்களுக்குப் பதிலா பேச இங்க மேலாளர் யாரும் கிடையாது," என்கிறாள் நெஸ்டா. "நான்தான்," என்கிறான். "எப்ப கிடைக்கும்?" என்கிறாள் பண்ணைக்காரி. இத்தனை வருடத்தில் அவனிடம் இதை யாரும் கேட்டதில்லை. நாளையும் நேரத்தையும் ஆலைச் சங்குதான் சொல்லும். அவன் குவிந்து கிடக்கும் கழிகளைப் பார்க்கிறான். "அடுத்த வெள்ளிக்கிழமை." அவள் தலையாட்டிவிட்டுப் போகிறாள். எம்லின் அடுத்த கழியை எடுக்கிறான். விரல்கள் குளிரில் விறைத்து வலிப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது.