மூடிய பெட்டி ஏலம்

பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்த பிறகுதான், மேடையில் நின்ற பரமசிவத்துக்குப் போன உயிர் திரும்பியது.

அந்த மாதிரிக் கோட்டு அவனிடமும் ஒன்று உண்டு, கல்யாணத்துக்குத் தைத்தது. காலையில் தேடியபோது, "வெளுக்கப் போட்டிருக்கேங்க" என்று சொல்லிவிட்டாள் மனைவி கமலா. போகட்டும். ஏலம் விடுகிறவனுக்கு எதற்குக் கோட்டு? கேட்கிறவரிடம் இருந்தால் போதும்.

சிராங்கூன் சாலை வாசகசாலைக் கொட்டகையின் வாசலில், மூட்டை முடிச்சோடும் இரண்டு பிள்ளைகளோடும் முத்தாயி உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் மூட்டை சரிந்து புருஷன் செத்தான். கருமாதி முடிவதற்குள் வீட்டுக்காரன் சட்டி பானையைத் தெருவில் வைத்துவிட்டான். நாளைக் காலை நாகப்பட்டினத்துக்குக் கப்பல். மூன்று பேருக்கு முப்பது வெள்ளி வேண்டும்.

போன வருஷம் பரமசிவம் நடத்திய தர்ம ஏலத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அதனால் இந்த வருஷம் ஆணி அடித்து மூடிய ஒரு பெட்டி. உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒரு தரம் விலை ஏற்றினால் ஒரு தரம் குலுக்கிப் பார்க்கலாம்.

அதுவும் போதாதோ என்று பயந்து, காப்பிக்கடை காதர் மைதீனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தான். "நீ சும்மா ஏத்திக்கிட்டே இரு. நான் காதைச் சொறிஞ்சா வாயை மூடிக்க." இந்தத் திருட்டு ஏற்பாட்டை வெட்கத்தில் கமலாவிடம்கூடச் சொல்லவில்லை.

"குலுக்குங்க, குலுக்குங்க! உள்ள இருக்கறது சீமைச் சரக்கா, சிராங்கூன் சரக்கா?"

நெய் வியாபாரி அப்துல் மஜீது பத்து வெள்ளி கேட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக் குலுக்கினார். "என்னய்யா இந்தக் கனம்? மாமியாரை உள்ள வச்சு அடைச்சிட்டியா?" கொட்டகை சிரித்தது. "பன்னெண்டு வெள்ளி!"

"பதினஞ்சு" என்றார் கோட்டுக்காரர், பெட்டியைத் தொடாமலே.

"பதினாறு!" காதர் மைதீன்.

"பதினெட்டு" என்றார் மஜீது.

"இருபது" என்றார் கோட்டுக்காரர்.

"இருபத்தொண்ணு!" காதர் மைதீன்.

மஜீது துண்டை உதறித் தோளில் போட்டார். "பெரிய மனுசங்க விளையாட்டு. நமக்குக் கட்டாதுலா." அவர் எழுந்து போக, அவர் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் போனார்கள்.

பரமசிவம் வாசல் பக்கம் பார்த்தான். கூப்பிட்டு உட்கார வைக்கலாமா? வேண்டாம், இங்கே சூடு ஆறிவிடும். கோட்டுக்காரரும் காதர் மைதீனும் மாறி மாறி ஏற்ற, கூட்டம் கைதட்டி எண்ண ஆரம்பித்தது. பெண்கள் பக்கத்தில் கமலா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"முப்பது!" என்றான் காதர் மைதீன்.

ஐயையோ. இவன் வாயில் ஏலம் நின்றால் தொலைந்தோம். இவன் மடியில் நாளைக்குப் பால் வாங்கும் காசைத் தவிர ஒன்றுமில்லை. பரமசிவத்தின் கண் கோட்டுக்காரரின் உதட்டிலேயே இருந்தது.

"முப்பத்தொண்ணு."

காது பிய்ந்துவிடும்போலச் சொறிந்தான் பரமசிவம். காதர் மைதீன் வாயை மூடிக்கொண்டான்.

"முப்பத்தோரு வெள்ளி ஒரு தரம்! ரெண்டு தரம்!" கோட்டுக்காரர் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பெண்கள் பக்கம் பார்த்தார். "மூணு தரம்!"

விசிலும் கைதட்டலுமாகக் கூட்டம் கலைந்தது. முத்தாயி மேடைக்கு ஓடிவந்தாள்.

"ஆயிருச்சா சாமி?"

"ஆயிருச்சும்மா. காலைல கப்பல் ஏறிடலாம்."

அவள் தரையில் விழுந்து கும்பிட்டாள். ஒன்றும் புரியாமல் பிள்ளைகளும் விழுந்தார்கள்.

கோட்டுக்காரர் தயங்கித் தயங்கி மேடைக்கு வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. பணத்துக்காகப் பரமசிவம் இரண்டு கையையும் நீட்டினான்.

அவர் பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே கிழிந்த பனியன். கோட்டை மடித்து, நீட்டிய கைகளின்மேல் வைத்தார்.

"விலைய ஏத்திவிடத்தான் கூப்பிட்டாங்கய்யா... இத உங்க வீட்டம்மாகிட்டக் குடுத்துடுங்க."