குமிழைத் திருகினால்

இருபத்தைந்தாவது திருமண நாளன்றும் பென்ட்டி வாழ்த்துச் சொல்ல வாயைத் திறக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, "முதுகு வலிக்குது" என்று சோபாவில் குப்புறப் படுத்தான்.

இன்றைக்காவது அன்பாக ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்த மனைவி ஸீர்பா பெருமூச்சு விட்டாள். வலிக்கு மின்சாரம் பாய்ச்சும் கருவியைக் கொண்டுவந்தாள். அதன் பட்டைகள் இரண்டையும் அவன் முதுகில் ஒட்டி, போர்வையால் மூடினாள். அடுத்த அறைக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, குமிழைத் திருகினாள்.

"சுருக்குன்னு இருக்கா?"

"ம்."

இன்னும் கொஞ்சம் திருகினாள்.

"நேத்து நீ வெச்ச சால்மன் சூப் நல்லா இருந்துது."

ஸீர்பா திடுக்கிட்டாள். ஒரு ஃபின்லாந்துக் கணவனுக்கு இது மேடைப்பேச்சு. மறுபடியும் திருகினாள்.

"அந்த நீல ஸ்வெட்டர் உனக்கு எடுப்பா இருக்கு."

"பென்ட்டி, ரொம்ப வலிக்குதா? நிறுத்திடட்டுமா?"

"வேண்டாம். இன்னும் வை."

கடைசி எண் வரை திருகிவிட்டாள்.

"உன்னைக் கட்டிக்கிட்டதுதான் நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம்."

ஸீர்பாவின் கண்ணாடி நனைந்தது. "என்ன திடீர்னு இப்படியெல்லாம் பேசற?"

"ஷாக் அடிச்சா மனுஷன் உளறத்தான் செய்வான்" என்றான் பென்ட்டி. அவன் காதுகள் சிவந்திருந்தன.

சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. பட்டைகளை எடுக்கலாம் என்று போர்வையை விலக்கினாள். முதுகில் பட்டைகளைப் பிய்த்தெடுத்த தடம் மட்டுமே இருந்தது. பட்டைகள் இரண்டும் சோபா மெத்தையில் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தன. இத்தனை நேரம் ஷாக் வாங்கியது சோபாதான்.

ஸீர்பா சத்தமில்லாமல் போர்வையைப் பழையபடி மூடிவிட்டாள்.

நாளைக்கும் அவனுக்கு முதுகு வலிக்க வேண்டுமே.