கூட்டெழுத்து

"கடுதாசியைக் காட்டு தியோடோரா. இல்லேன்னா இன்னையோட எனக்கும் உன் வகுப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

லவீனியா இப்படிக் கேட்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. பெர்னிஸின் அழகு நிலையப் பின்னறையில், பாதி வாரிய தலையோடு எழுதிக்கொண்டிருந்த பெண்கள் பென்சிலைக் கீழே வைத்தார்கள். அமெரிக்காவில், தென் கரோலினாவின் அந்தத் தீவில் போலீஸ்காரன் எட்டிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

கறுப்பர் உரிமைச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததால் வெள்ளைக்காரர்கள் கடுதாசி கொடுத்துத் தன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கினார்கள் என்பாள் தியோடோரா. ஊரோ, ஏதோ ஆண் விவகாரம் என்றது.

"உனக்காக ஊரெல்லாம் சண்டை போடுறேன். அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரைப் பெத்தவ நான், என் பேச்சே எடுபடலை. இருந்தாக் காட்டேன்!"

"தொலைஞ்சுபோச்சு அக்கா."

"நெருப்பில்லாம புகையுமா?" என்றாள் பெர்னிஸ், கையில் சுருள்முடியை நீவும் சூட்டுச் சீப்போடு. "நாளையிலேருந்து இங்க வகுப்பு வேணாம் டீச்சர். நானும் பிழைக்கணும்."

அடுத்த வாரம் வாக்காளர் பதிவு. சட்டத்தைப் படித்துக் காட்டினால்தான் கறுப்பர் பேரைச் சேர்ப்பார்கள். இப்போது வகுப்பு நின்றால் அத்தனை பேர் ஓட்டும் போச்சு.

தியோடோரா பையை எடுத்தாள். லவீனியா அதைப் பிடுங்கித் துழாவினாள். மடித்த தாள் ஒன்று கையில் சிக்கியது.

"வேண்டாம் அக்கா!"

லவீனியா பிரித்தாள். அறுபது வயதில் முதல்முறையாக, யார் உதவியும் இல்லாமல் படித்தாள். அலை வடிந்த சேற்றில் நண்டுகள் தலைகாட்டுவதுபோல எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஜன்னலில் உப்புக்காற்று. எண்ணெய்ப் புகை மெல்ல மிதந்தது. தன் குரலை வேறு யாருடையதோ போலக் கேட்டபடி, கனவில் நடப்பவளாக வரி வரியாகப் போனாள்.

"சங்க... உறுப்பினர்... என்பதால்... பணியிலிருந்து... நீக்கப்படுகிறீர்."

"ஐயோ, நெசந்தான்!" பெர்னிஸுக்கு முகம் கறுத்தது. "என்னை மன்னிச்சிடுங்க டீச்சர். எந்தப் பாவி கையெழுத்துப் போட்டான்? அதையும் படிங்க அக்கா."

லவீனியாவின் விரல் தாளின் அடியில் இருந்த கையெழுத்தில் போய் நின்றது.

தியோடோரா தாளை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"அது கூட்டெழுத்து, எழுத்தைச் சேர்த்துச் சேர்த்துக் கோத்து எழுதுறது. அதை இன்னும் நான் அவங்களுக்குச் சொல்லித் தரலை."

லவீனியா அவளையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இதைப் படிக்கப் பாடம் எதுக்கும்மா? சின்னதுல என் அடுப்படிச் சுவத்துல அவன் கரியால கிறுக்கிப் பழகின பேருதானே. அம்ப்ரோஸ். நான் பெத்த பிள்ளை."