கேசிகா கேட்ட கொண்டாட்டம்

"எனக்குச் சாமத்தியச் சடங்கு செய்யவேணும். சின்னனா இல்லை, பெருசா!"

கேசிகா இப்படிச் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா சுகிர்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் பெரியபிள்ளையானபோது, "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது!" என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள் இவள்தான். இத்தாலியில், பலெர்மோவில் பிறந்து, தமிழையும் இத்தாலியன் மாதிரி இழுத்துக் கதைக்கிற பதின்மூன்று வயதுப் பெட்டை. இப்போது மேடை கேட்கிறாள்!

அதுவும் எந்த நேரத்தில்?

சுகிர்தாவுக்குப் பிரான்சில், மார்சேயில், கடற்பாசியை ஆராய்ந்து டொக்டரேற் செய்ய இடம் கிடைத்திருந்தது. பலெர்மோவின் ஏழைப் பகுதியான போர்கோ வெக்கியோவில் ஒற்றை அறையில் வளர்ந்த பிள்ளைக்குப் பிரான்சுப் பல்கலைக்கழகம்! அம்மா இந்திராதேவி நம்பமுடியாமல் அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

ஆனால் காசு?

மார்சேய்ப் பேராசிரியை ரெலிபோனில் விளக்கமாகச் சொல்லிவிட்டார். அரசாங்கம் தரும் ஆராய்ச்சிப் பணம் இந்த வருடம் கொடுத்து முடிந்துவிட்டது. ஐரோப்பிய உதவித்தொகைக்கு ஐரோப்பிய பாஸ்போட் வேண்டும். இவளிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போட். இரண்டாம் வருடத்திலிருந்து ஆய்வுகூடத்தில் சம்பளம் உண்டு. முதல் வருடச் செலவுக்குச் சொந்த வழி காட்டினால்தான் விசா.

"கடன் எண்டு ஒருத்தற்றை வாசலிலையும் போய் நிக்கமாட்டன் பிள்ளை," என்றார் அப்பா விக்னராஜா. "அடுத்த வருசம் பாப்பம்."

"அடுத்த வருசம் இந்த இடம் இருக்காதப்பா."

அப்பா ரெஸ்ரோறன்ற் வேலைக்கு நேரமாச்சென்று எழும்பிப் போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் சின்னவளுக்குச் சடங்காம்!

"உனக்கு இரக்கமே இல்லையோடி?" என்றாள் சுகிர்தா.

"இல்லை," என்று கேசிகா அப்பளத்தை நொறுக்கினாள்.

அம்மாவுக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. "இத்தாலிக்கு வந்து இறங்கின வருசம் உனக்குத்தான் ஒண்டும் செய்யேலாமல் போச்சு. இவளாவது ஆசைப்பட்டுக் கேக்கிறாள், விடன் பிள்ளை."

கேசிகாவின் கட்டளைகள் தொடங்கின. நகை வாங்கவேண்டாம், இரவல் போதும். சேலையும் இரவல். மண்டபத்துக்கு, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற ஹோல் சும்மா கிடைக்கும். சமையல் அப்பாவும் கூட்டாளிகளும்.

"ஆனால் ஆக்கள் வரவேணும். அப்பா ஆரார் வீட்டுக் கொண்டாட்டத்துக்கெல்லாம் போனவரோ, அவ்வளவு பேரையும் கூப்பிடவேணும். கத்தானியா, மெசீனா எண்டு வெளியூர் ஒண்டும் விடக்கூடாது!"

"பகட்டைப் பார்," என்று சுகிர்தா பல்லைக் கடித்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "தமக்கை படிக்க வழியில்லை, தங்கச்சிக்குச் சோடினையாம்!" என்று பக்கத்து வீட்டு யோசப்பீன் மாமி சுகிர்தாவின் காதுபடவே சொன்னாள். சுகிர்தா மறுக்கவில்லை.

சடங்கன்று ஹோல் இருக்கிற ஒழுங்கைக்குள் கார் நுழையவில்லை. கபோ சந்தைக்கூடாக, தலை நிறையப் பூவும் நெற்றிச்சுட்டியுமாகக் கேசிகா நடந்துதான் போகவேண்டியிருந்தது. கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள்.

"கேசிகா! இண்டைக்குக் கார்னவாலேயா?" என்று இத்தாலியனில் கத்தி, திருவிழா மாறுவேடக்காரியைப் பார்ப்பதுபோல் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கேசிகாவின் காது சிவந்தது. ஆனாலும் குனியவில்லை, நிற்கவுமில்லை.

'நல்லா வேணும் உனக்கு,' என்று நினைத்துக்கொண்டு ஆராத்தித் தட்டோடு பின்னால் நடந்தாள் சுகிர்தா.

ஹோலுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மாடி, எத்தனை சனம்! ரயிலேறி வந்தவர்கள், வேலைவீட்டுச் சிஞ்ஞோறாவிடம் கெஞ்சி லீவு எடுத்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். "விக்னராஜா அண்ணை எங்கடை வீட்டு நன்மை தீமை ஒண்டையும் விட்டவரில்லை," என்று சொல்லிச் சொல்லி மேடையேறினார்கள். ஒவ்வொருவரும் கேசிகாவின் கையில் ஒரு என்வலப்பை வைத்துப் படம் எடுத்தார்கள். அவளும் கமராவுக்குச் சிரித்துச் சிரித்து, என்வலப்பைக் கதிரைக்குப் பின்னால் இருந்த தன் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டாள்.

பின்னேரம் சனம் கலைந்தது. அப்பா சமைத்த பெரிய கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். சுகிர்தா ஒரு மூலையில் கதிரை போட்டுச் சோர்ந்துபோய் இருந்தாள்.

சேலை தடக்கத் தடக்க வந்த கேசிகா, பள்ளிக்கூடப் பையை அவள் மடியில் கவிழ்த்தாள். என்வலப்புகள் மடி நிறைந்து நிலத்திலும் கொட்டின.

"என்னடி இது?"

"உன்ரை மார்சேய்."

சுகிர்தாவுக்கு விளங்கவில்லை.

"அப்பா கடன் கேக்கமாட்டார். சரி. ஆனால் எத்தினை வருசமா எல்லாற்றை கொண்டாட்டத்துக்கும் காசு வைச்சு என்வலப் குடுத்தவர்! அது திரும்பி வாறதெண்டால் எங்கடை வீட்டிலையும் ஒரு கொண்டாட்டம் நடக்கவேணுமெல்லோ? நீ இப்ப கலியாணம் கட்டமாட்டாய். பிறகு நான்தானே மிச்சம்!"

அப்பாவின் கை கிடாரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

சுகிர்தா தங்கச்சியையே பார்த்தாள். இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய மனசா! இத்தனை நாளாய் இவளை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று கண் நிறைந்துவிட்டது. இழுத்துக் கட்டிப்பிடித்தாள். இரவல் நகை நெஞ்சில் குத்தியது.

"சந்தைக்குள்ளை அதுகள் சிரிக்கேக்கை வெக்கமா இருக்கேல்லையோடி?"

"செத்தே போனன்!" என்றாள் கேசிகா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நெற்றிச்சுட்டியைப் பிடுங்கியபடி சொன்னாள்:

"ரெண்டாம் வருசம் மார்சேயிலை கட்டாயம் சம்பளம் தருவினம்தானே அக்கா? வடிவாக் கேட்டுப்போட்டுப் போ. இன்னொருக்காப் பெரியபிள்ளையாக என்னாலை ஏலாது!"