தனியாகப் போட வேண்டியது

படுதாவின் மேல் அது குவிந்து கிடந்தது.

கறுப்பு உருண்டைகளும் வெள்ளைப் படிகங்களும். இனி எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது.

அவள் இடுப்பிலிருந்த மணல் கூடையை அப்படியே கீழே போட்டாள்.

"கலந்துட்டேம்மா," என்றார் தட்சிணாமூர்த்தி. அவள் கணவனின் அண்ணன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் திருப்தி. "டி.ஏ.பி., ஜிங்க் ரெண்டு உரமும் ஒரே வீச்சுல முடிஞ்சிரும். எதுக்கு வீணா ரெண்டு வேலை?"

தனித்தனியாகத்தான் போட வேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தாள். காலையில் காபி கொடுக்கும்போது சொன்னாள். மணல் அள்ளப் போகும்போதும் திரும்பி நின்று சொன்னாள்.

ஒவ்வொரு முறையும் அவர் தலையாட்டினார்.

போன சம்பாவில் பயிர் நட்ட கொஞ்ச நாளிலேயே துருப்பிடித்த தகரம் மாதிரி சிவந்தது. வளராமல் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. வைக்கோல்கூடத் தேறவில்லை. பார்க்க வந்த வேளாண்மை அலுவலர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார். மண்ணில் துத்தநாகச் சத்து இல்லை. அடுத்த முறை நடவுக்கு முன்னால் ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து சேற்றின் மேலாக வீசுங்கள். டி.ஏ.பி.யோடு மட்டும் சேர்க்காதீர்கள். அது ஜிங்கைப் பிடித்துக்கொள்ளும். வேருக்கு ஒன்றும் போகாது.

அன்றைக்கும் தட்சிணாமூர்த்தி பக்கத்தில்தான் நின்றார்.

அன்றைக்கும் தலையாட்டினார்.

"தமயந்தி, நாங்க இறங்கலாமா வேணாமா?"

வரப்பிலிருந்து அம்சவல்லி கத்தினாள். நடவுப் பெண்கள் சேலையை ஏற்றிக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பரம்படித்துச் சமமாக்கிய சேறு பளபளவென்று கிடந்தது. பறித்த நாற்றுமுடிகள் வெயிலில்.

"கொஞ்சம் இருங்கக்கா."

"நாத்து காயுதுடி."

அதற்குள் தட்சிணாமூர்த்தி மஸ்கட்டுக்குப் போன் போட்டுவிட்டார். தம்பியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவளிடம் நீட்டினார்.

"கலந்தது கலந்தாச்சு, விடு," என்றான் செல்வமணி. "மண்ணுக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே. அண்ணனுக்குத் தெரியாததா? அவர் சொல்றபடி செய்."

"போன வருஷமும் அவர் சொன்னபடிதான் செஞ்சோம்."



"அங்க வெயில் ஜாஸ்தியா?" என்று கேட்டான்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மாமா, இதை உங்க வயலுக்கு எடுத்துக்குங்க."

"நல்ல உரத்தை வேணாங்கிறியே?"

"நல்ல உரம்தான். எடுத்துக்குங்க."

வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் வயல். போன வாரம் நட்டது. அவர் சந்தோஷமாகவே அள்ளிக்கொண்டு போனார். வேகவேகமாக இறைத்தும் முடித்தார்.

டி.ஏ.பி.யை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், ஜிங்க்தான் நடவுக்கு முன்னால் வேண்டும். அவள் ஸ்கூட்டியை எடுத்தாள்.

உரக்கடைக்காரர் முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். யாருமில்லை.

"வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"ஜிங்க் சல்பேட் ஒரு பை."

"அதெல்லாம் எதுக்கு?" மினுமினுக்கும் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். "இதுல எல்லாச் சத்தும் இருக்கு. எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

"ஜிங்க் சல்பேட்."

"கேளும்மா, இதுலயும் ஜிங்க் இருக்கு."

"இதுல எவ்வளவு இருக்கு?"

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் தேடினார். பிறகு உள்ளே போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்தபோது நடவுப் பெண்கள் கருவேல நிழலுக்கு மாறியிருந்தார்கள். நாற்றுமுடிகளின் மேல் யாரோ தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள்.

மணலையும் ஜிங்கையும் அவளே கலந்தாள். யாரையும் கிட்டே விடவில்லை. அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"பொம்பளை உரம் வீசினா சமமா விழாதும்மா." வரப்பில் குடை பிடித்து நின்றார் தட்சிணாமூர்த்தி. "கொடு, நான் வீசறேன்."

அவள் கொடுக்கவில்லை.

முதல் பிடி திட்டாகத்தான் விழுந்தது. அடுத்ததும். பெண்கள் யாரோ சிரித்தார்கள். தோளைத் தளர்த்தி, விரல்களைக் கொஞ்சம் விரித்து வீசினாள். மணல் விசிறி போல் விரிந்தது. சிரிப்பு நின்றது.

சேறு காலைப் பிடித்து இழுத்தது. கையில் இருந்த பழைய கீறலில் உப்புப் பட்ட மாதிரி எரிந்தது. நிறுத்தவில்லை.

கடைசிப் பாத்தியில் இருக்கும்போது போன் மணி அடித்தது. அவருடைய போன்.

"ஆமாம்ப்பா," என்றார் தட்சிணாமூர்த்தி சத்தமாக. "எல்லாம் நல்லபடியா நடக்குது. நான்தான் தனியாப் போடச் சொன்னேன். இப்ப வீசிக்கிட்டிருக்கா."

அவள் நின்றாள்.

கூடையில் கைவிட்டு நிறைய அள்ளினாள்.

அந்தப் பிடி குடைக்கு மேலாகப் போய், வரப்பைத் தாண்டி, அவர் வயலில் விழுந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கக்கா," என்றாள் அவள் அம்சவல்லியிடம்.

ஐப்பசி மழை விட்டதும் அவள் வயல் மூச்சு முட்டுகிற பச்சையாகத் தூர் கட்டியது. பக்கத்து வயல் சிவந்துவிட்டது. அடியிலிருந்து நுனிவரை துரு.

வரப்போரம் ஓர் இடம் தவிர. ஒரு படுதா அகலத்துக்கு அங்கே மட்டும் பயிர் பச்சையாக நிற்கிறது.

தட்சிணாமூர்த்தி தினமும் காலையில் வந்து அந்த இடத்தில் நிற்கிறார். குனிந்து இலையைத் தடவுகிறார். நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார்.

அவள் களை பறிக்கிறாள்.

இன்றைக்கும் தொண்டையைச் செருமினார்.

அவள் கையை நிறுத்தி, காத்திருந்தாள்.

"மழை வரும்போல இருக்கு," என்றார்.